இரண்டு விரற்கடை

பிப்ரவரி 9

வணக்கம்.

உங்களை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் உங்கள் அம்மாவும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் எட்டு மாதப் பெண்ணும் நலம்.

அப்பாவின் உடலை எடுத்துப்போன அன்று, உங்கள் தையற்கடைக்கு எதிரே, பூட்டியிருந்த மருந்துக்கடை வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் நின்றிருந்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தீர்கள். கையில் ஒரு குட்டை ஸ்டூல். அதை என் அம்மா பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனீர்கள். அந்த ஸ்டூல்தான் இந்தக் கடிதத்தை எழுதும் தைரியத்தைத் தருகிறது.

போன வாரம் என் அம்மாவுக்கு உங்கள் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அம்மா குடியிருக்கும் இரண்டு அறை வீடு உங்கள் அப்பா பேரில் இருக்கிறதாம், அம்மா அதில் வாடகைதாரராம், அறுபது நாளில் காலி செய்ய வேண்டுமாம். வாடகைதாரர் என்ற வார்த்தையை அம்மா விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். பிறகு நோட்டீஸை நாலாக மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "அடுப்புல பால் இருக்கு, பாரு" என்றாள். அவ்வளவுதான்.

முப்பது வருஷம் அவள் அந்த வீட்டில் இருக்கிறாள். அப்பாவோடு கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை; அதை நான் மறைக்கவில்லை. எனக்குப் பங்கு வேண்டாம். அம்மா இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கட்டும். இதைத்தான் கேட்கிறேன்.

போனில் பேசலாம். ஆனால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடை வாசலில் நின்றவள்

&nbsp;

பிப்ரவரி 27

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். குழந்தையும் நீங்களும் சுகம் என்று அறிந்தேன்.

முதலில் ஒன்று. கடை முகவரிக்கு எழுதாதீர்கள். பஸ் டிப்போவுக்குப் போகிற வழியில் அண்ணன் தினமும் கடைக்கு வருகிறார். தபாலை அவர்தான் பிரிப்பார். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அவருக்கு டிப்போவில் ஏதோ தகராறு, வரவில்லை. எழுதுவதாக இருந்தால் பக்கத்துப் பட்டன் கடை முகவரிக்கு எழுதுங்கள். அந்த அம்மாள் வாயில் எதுவும் தங்காது என்றாலும் தபால் தங்கும்.

நோட்டீஸ் அண்ணன் ஏற்பாடு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை மறைக்கவில்லை.

அண்ணன் பணத்தாசைக்காரர் இல்லை. எங்கள் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. உங்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. "அம்மா காதுல இது விழுந்தா அன்னைக்கே போயிடுவா. அந்த வீட்டை வித்துட்டா பேச்சும் அதோட போயிடும்" என்பது அண்ணன் வாதம். எனக்கும் அதுதான் பயம்.

ஸ்டூல் விஷயம். அது நானாகச் செய்ததில்லை. அம்மா தினமும் உட்கார்ந்து பட்டன் தைக்கிற ஸ்டூல் அது. "எதிர்ல ஒரு அம்மா நிக்கிறாங்க, முழங்கால் முடியல போல, என் ஸ்டூலைக் கொண்டு போடு" என்று அவள் சொன்னாள். யாரோ என்று நினைத்துச் சொன்னாள். ஆகவே அதை வைத்து என்னிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
தையற்கடை

&nbsp;

மார்ச் 8

வணக்கம்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடைசி வரியை மட்டும் இன்னும் இரண்டு தடவை. அம்மாவுக்கு வலது முழங்கால்தான் தொந்தரவு, படி ஏறினால் மட்டும். உங்கள் அம்மாவுக்குக் கண், காது எல்லாம் நன்றாக இருக்கிறதா?

நீங்கள் சொன்னது புரிகிறது. உங்கள் அம்மாவின் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் என் அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, ஒற்றை அறை. குழந்தையின் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, பகலில் தூங்குவார்.

எங்கள் பக்கமும் ஒரு வக்கீல் அம்மாளைப் பார்த்தேன். பெற்றோருக்குக் கல்யாணம் நடக்காவிட்டாலும், அப்பா என்னை மகளாக நடத்தியதற்கு ஆதாரம் இருந்தால் அந்த வீட்டில் எனக்குப் பாத்தியதை உண்டாம். "என்ன இருக்கு, எடுத்துட்டு வா" என்றார். வீட்டையே கவிழ்த்துத் தேடினோம். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு. ஒரு போட்டோ கூட இல்லை. அவர் போட்டோ என்றால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். இருப்பதெல்லாம் அவர் தைத்துக்கொண்டுவந்த என் சின்ன வயதுத் துணிகள். ஒரு டிரங்குப்பெட்டி நிறைய. வக்கீல் அம்மாள் சிரித்துவிட்டார். துணியில் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

இன்னொரு விஷயம். கேட்கலாமா கூடாதா என்று பத்து நாளாக மனசு அடித்துக்கொள்கிறது. குழந்தையின் இடது கண் சில நேரம் மூக்குப் பக்கம் ஓடுகிறது. டாக்டர், "உங்கப்பா குடும்பத்துல யாருக்காவது மாறுகண் இருந்துதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்று சொல்லும்போது, பரீட்சையில் வெற்றுத்தாள் கொடுத்த மாதிரி இருந்தது. வழக்கை விடுங்கள். இதற்கு மட்டும் பதில் எழுத முடியுமா?

அன்புடன்,
குழந்தையின் அம்மா

&nbsp;

மார்ச் 12

குழந்தையின் அம்மாவுக்கு,

கடிதம் இன்று மதியம் வந்தது, உடனே எழுதுகிறேன். கட்டிங் மேஜையிலேயே வைத்து எழுதுவதால் தாளில் சாக்கட்டித் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள்.

எனக்கு இருந்தது. இடது கண்தான். ஒன்றரை வயதில் கண்ணாடி போட்டார்கள், நாலு வயது முடிவதற்குள் நேராகிவிட்டது. நல்ல கண்ணை மூடி வைக்கச் சொன்னபோது அப்பா லைனிங் துணியில் குட்டி உறை தைத்துக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மாட்டிவிட்டார். தினம் ஒரு நிறம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எனக்கும் வேண்டும் என்று அழுதார்களாம். இன்றைக்கு வேகமாக ஓடுகிற மெஷினிலேயே நான் ஊசியில் நூல் கோர்ப்பேன். என் கண்ணில் கோணல் கண்டுபிடிப்பவர்களுக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துத் தருகிறேன்.

ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். டாக்டரிடம், "எங்க பெரியம்மாவுக்கு" என்று குழந்தை சார்பில் சொல்லுங்கள். அவர்களுக்குக் குறிப்பு எழுத ஓர் உறவு வேண்டுமே.

என் அம்மாவுக்குக் கண் கூர்மை. காது அவள் வசதிப்படி.

ஒன்று கேட்கிறேன். தொழில்காரியின் கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிரங்குப்பெட்டித் துணிகள் எல்லாம் உங்களுக்கு அளவாக இருந்தனவா?

இப்படிக்கு,
தையற்கடை

&nbsp;

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். கோபம் என்றால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். நீங்கள் குழந்தைக்குப் பெரியம்மா என்றால் எனக்கு வேறென்ன?

எல்லோரும் சுகம்தானே? குழந்தைக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு இருந்தது என்று சொன்னேன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அந்தத் தாளை வெளியே வந்து நான் இன்னொரு தடவை பார்த்தேன்.

துணிகள் அளவாகவா? கையுறை மாதிரி! அவர் எப்படி அளப்பார் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார், சட்டைப் பையிலிருந்து வெள்ளை நூல் எடுப்பார். "பொட்டணம், இங்க வா" என்பார். பிறந்தபோது பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தார்களாம், அதனால் நான் பொட்டணம். என்னை நிற்கவைத்து, தோளில் வைத்து ஒரு முடிச்சு, அங்கிருந்து கை நீளத்துக்கு இரண்டாவது முடிச்சு, மார்பைச் சுற்றி மூன்றாவது, மிச்சம் உயரம். ஒரே நூலில் முழுப் பொட்டணமும் அடங்கிவிடும். அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு ஞாயிறு கழித்துத் துணி வந்துவிடும். உள்ளே மடித்து மடித்து எவ்வளவு துணி விட்டிருக்கும்! நான் வளர வளர அம்மா பிரித்துவிட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு சட்டை மூன்று வருஷம் வரும்.

ஒரே ஒரு தடவைதான் தப்பிப்போனது. மூன்றாம் வகுப்பு யூனிபார்ம், முழுக்கைச் சட்டை. கை இரண்டு விரற்கடை குட்டை. மணிக்கட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. உள்ளேயும் துணி விட்டிருக்கவில்லை. பாட்டு டீச்சர், "இவளுக்குக் கை நீளம்டி, பென்சில் பாக்ஸை எல்லாம் பத்திரமா வைங்க" என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. வருஷம் முழுக்க அந்தப் பேர்தான். ஒரு ரப்பர் காணாமல் போனாலும் என் பையைத்தான் கொட்டுவார்கள்.

அடுத்த ஞாயிறு அப்பாவிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "ஆள் மாத்திட்டீங்களா கடையில?" என்று அம்மா கேட்டாள். "இல்ல, என் தப்பு. நூல் சுருங்கிடுச்சு" என்றார்.

நூல் சுருங்குமா அக்கா? உங்களுக்குத்தான் தொழில் தெரியும்.

உடனே பதில் எழுதுங்கள். அம்மாவின் முழங்கால் உங்களை விசாரித்தது.

அன்புடன்,
பொட்டணம்

&nbsp;

ஏப்ரல் 30

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. பட்டன் கடைக்குப் போன் செய்து, ஒரு டஜன் பட்டன் விலை கேட்கிற மாதிரி உங்கள் நலம் கேட்டேன். "அதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. ஒரு மாசமா யார்கிட்டயும் சரியா பேசறதில்ல, அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மாள்.

நான் என்ன தப்பாக எழுதினேன் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. அக்கா என்று எழுதியதுதானே? உரிமை எடுத்துக்கொண்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தில் எங்கேயும் உங்களை அப்படி அழைக்கவில்லை, பாருங்கள்.

அறுபது நாள் கெடு முடிந்துவிட்டது. எங்கள் வக்கீல் அம்மாள் ஆட்சேபம் போட்டதால் ஜூன் 12 அன்று சமரச மையத்தில் இரண்டு தரப்பையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று நீங்களும் உங்கள் அண்ணனும், "இப்படி ஒரு பெண்ணை எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் கதை முடிந்தது என்கிறார் வக்கீல் அம்மாள். உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நடக்கப்போவதை எழுதுகிறேன்.

அம்மா ஒவ்வொரு பூந்தொட்டியாகத் தூக்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "மாடிக்கு எதுக்குடி இவ்வளவு மண்ணு" என்கிறாள். பன்னிரண்டு தொட்டியில் இப்போது நாலு பாக்கி.

குழந்தைக்குப் புதுக் கண்ணாடி. காலையில் மாட்டினால் ஒன்பது மணிக்குள் இரண்டு தடவை பிடுங்கி எறிகிறாள். உங்களுக்கு எப்படி நிலைத்தது என்று கேட்க ஆசை. பதில் வராது என்று தெரிந்தும் கேட்டுவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் அம்மா

&nbsp;

மே 19

பொட்டணத்துக்கு,

நூல் சுருங்காது.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்தது. மற்றதை வேகமாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் மடித்து வைத்துவிடுவேன். நீங்கள் என்பதையும் விட்டுவிடுகிறேன். உன்னை மூன்று வயதிலிருந்து தெரியும் எனக்கு.

பதினேழு வயதில் நான் அப்பாவோடு மெஷினில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் போகிறேன் என்று அவர் போவார். ஒரு திங்கட்கிழமை காலை, என் மெஷின் தட்டில் மூன்று முடிச்சுப் போட்ட நூல் ஒன்று இருந்தது. "அளவு எடுத்து நோட்டுல எழுதிக்கோ, சின்னப் பொண்ணு, ஒரு கவுன்" என்றார். எந்தப் பேரில் எழுத என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பொட்டணம்னு போடு" என்றார். வெளியூர்ப் பார்சல் ஆர்டர் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அப்படித்தான் நினைப்பார்.

பத்தாவது நூலோ பன்னிரண்டாவது நூலோ, எனக்குப் புரிந்துவிட்டது. வாடிக்கைக்காரர் பிள்ளையை யாரும் நூலால் அளப்பதில்லை. எண்ணாக எழுதிய காகிதத்தைப் பார்த்தால் இது யாருக்கு என்று கேட்கத் தோன்றும். ஒரு துண்டு நூலை யார் கேட்பார்கள், அதுவும் தையற்கடையில்? அந்தப் பக்கத்தில் கையின் நீளம் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போனது. என் கையெழுத்திலேயே.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு வரன் வந்தது. பிடித்திருந்தது. நாள் குறிக்கப்போகிற சமயத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா வந்து, வாசலில் நின்றபடியே, "உங்கப்பாவுக்கு இன்னொரு வீடு இருக்காமே? நாளைக்கு எங்க பையனும் மாமனார் வழியைப் பிடிச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் யாரும் வரவில்லை. அம்மா அப்போது மாடியில் இருந்தாள். கேட்டிருக்காது என்று அப்பாவும் நானும் நம்பிக்கொண்டோம்.

அந்த வாரம் திங்கட்கிழமை என் மெஷின் மேல் உன் நூல் இருந்தது.

நான் சுருளைப் பிரித்து அளந்தேன். நோட்டில் சரியாகத்தான் எழுதினேன். துணியில் இரண்டு விரல் வைத்து, அந்த அளவு குறைத்து வெட்டினேன். உள்ளே ஒரு நூலிழைகூட விடவில்லை. வெட்டும்போது கை நடுங்கவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன். தவறி வெட்டியிருந்தால் மார்ச் மாதமே எழுதியிருப்பேன்.

அதன் பிறகு உன்னைப் பென்சில் திருடி என்பார்கள் என்று நான் எங்கே கண்டேன்?

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. உன் மணிக்கட்டைத் தொட்டபோதே தெரிந்திருக்கும். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நூலை அவரே வைத்துக்கொண்டு அவரே தைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த வருஷமும் என் மெஷின் தட்டிலேதான் கொண்டுவந்து வைத்தார். உன் பதினெட்டு வயதுவரை அங்கேதான் வைத்தார். அந்தத் தண்டனைக்கு ஈடாக நான் உள்ளே துணி விட்டுக்கொண்டே போனேன். மூன்று வருஷம் வந்தது என்று எழுதியிருந்தாய். நாலு வருஷத்துக்கு விட்டிருந்தேன்.

அளவு நோட்டு என்னிடம் இருக்கிறது. நூல்களும் ஒரு பட்டன் டப்பாவில் இருக்கின்றன. ஏன் எடுத்துவைத்தேன் என்று கேட்காதே. உனக்கு ஆதாரம் வேண்டும் என்றாய். நான் எல்லாம் தெரிந்து செய்தவள் என்பதற்கு இந்தக் கடிதமே போதும். உன் வக்கீலிடம் கொடு.

குழந்தை கண்ணாடியைப் பிடுங்கினால் பின்னால் ஒரு நாடா தைத்துக் கட்டு. இறுக்காதே.

தையற்கடை

&nbsp;

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்க இரண்டு நாள் எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அந்த இரண்டு நாளும் உங்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூடத் திட்டினேன். ஒரு எட்டு வயதுப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது?

மூன்றாம் நாள் டிரங்குப்பெட்டியைத் திறந்தேன். அந்தக் குட்டைக்கைச் சட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். மற்றவை முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பி, உள்ளே விட்டிருக்கும் துணியைப் பார்த்தேன். முப்பத்தொன்றும் நீங்கள். நான் இத்தனை வருஷம் அப்பாவின் கை என்று நினைத்துத் தடவிப் பார்த்தது எல்லாம் நீங்கள்.

கடிதத்தை வக்கீல் அம்மாளிடம் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். அதைப் பொதுவில் வாசித்தால் உங்கள் அம்மா காதுக்குப் போகும். வரன் தட்டிப்போன கதை உட்பட. என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சொன்னாள்: "அந்தம்மா நிம்மதி கெட்டுத்தான் நமக்கு ஒரு கூரையா? வேணாம்டி. மிச்சத் தொட்டியையும் கொடுத்துடறேன்." பன்னிரண்டாம் தேதி போய், காலி செய்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்கிறாள். எனக்கு மனம் ஆறவில்லை.

இதோடு ஒரு நூல் வைத்திருக்கிறேன். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தையை நிற்கவைத்து அளந்தேன்; நிற்பது என்றால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுவது. முதல் முடிச்சு தோள், இரண்டாவது கை, மூன்றாவது மார்பு. முடியும்போது, மனசு வரும்போது, ஒரு கவுன். நாடா யோசனை பலித்தது. கண்ணாடி இப்போது மதியம்வரை நிற்கிறது.

அன்புடன்,
பொட்டணம்

&nbsp;

ஜூன் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? நீ வர முடியாமல் போனதை உன் அம்மா சொன்னார்கள். அங்கே நடந்ததை அவர்கள் போனில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரியாதது ஒன்று முந்தின நாள் இங்கே நடந்தது. அதிலிருந்து சொல்கிறேன்.

பதினொன்றாம் தேதி மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், உன் குழந்தையின் நூலை வைத்துக் கவுனை முடித்துக்கொண்டிருந்தேன். அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டன் தைக்கக் கையை நீட்டினாள். "இது யாருக்கு?" என்றாள். ஒரு வாடிக்கைக்காரருக்கு என்றேன். மெஷின் தட்டில் கிடந்த நூலை எடுத்தாள். முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் நெருடினாள்.

"பொட்டணத்துக்குக் குழந்தை பொறந்துடுச்சா?" என்றாள்.

நான் மெஷினிலிருந்து காலை எடுத்தேன்.

"பதினஞ்சு வருஷம் அந்தப் பிள்ளை துணிக்கெல்லாம் காஜா எடுத்து பட்டன் தச்சது யாருன்னு நெனச்ச? பார்சல் ஆர்டருக்கு யாராவது வருஷத்துக்கு ரெண்டே துணி தைப்பாங்களா?" என்றாள். பிறகு ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு தடவை கை குட்டையா வெட்டியிருந்தே. பட்டன் தைக்கறப்பவே பார்த்தேன். உன் மனசு அப்போ எரிஞ்சுக்கிட்டு இருந்துது. என் மனசும்தான். பார்த்தும் சும்மா தச்சுக் கொடுத்துட்டேன். அது உன் தப்பு மட்டும் இல்ல."

மாடியில் இருந்தவளுக்குக் கேட்டிருக்காது என்று நம்பிய அப்பாவையும் என்னையும் என்னவென்று சொல்ல.

வக்கீல் நோட்டீஸைப் பற்றி அவளிடம் அப்போதுதான் சொன்னேன். மறுநாள் காலை அண்ணன் வந்தபோது, அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றாள். நானும் வருகிறேன் என்றாள். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உனக்குத் தெரியக் கூடாதுன்னுதாம்மா இவ்வளவும் செஞ்சேன்" என்றார். "எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் இருபது வருஷமா இருக்கேன். எது கஷ்டம் சொல்லு" என்றாள் அம்மா. பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம்.

சமரச மையத்தில் உன் அம்மா காலி செய்கிறேன் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்திக்கொண்டு அளவு நோட்டையும் பட்டன் டப்பாவையும் மேஜை மேல் வைத்தேன். அந்த அதிகாரி டப்பாவைத் திறந்து, நூல் நூலாக எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். "என் தங்கச்சி" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. அப்படித்தான் வந்தது.

நோட்டீஸ் வாபஸ். வீடு உன் பாத்தியதைக்கு என்று மூன்று பேரும் எழுதிக்கொடுத்திருக்கிறோம். பதிவு அடுத்த மாதம், அதற்கு நீ வந்தாக வேண்டும். அண்ணன் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்று டிப்போவுக்குப் போகும்போது பாதிப் படியில் நின்று, "அந்தக் குழந்தைக்கு எந்தக் கண்ணு? இடதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு அம்மாக்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அதை மறைக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் என் அம்மா, "முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, எண்ணெய் தேச்சு எல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். உன் அம்மா தலையாட்டினார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

கவுனைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பட்டன் அம்மா தைத்தது.

தொட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்.

உன் அக்கா

&nbsp;

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். காய்ச்சல் விட்டது, பல் வந்தது, பல்லுக்கு மறுபடியும் காய்ச்சல். இப்போது நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமா? உங்கள் அம்மாவை நான் பெரியம்மா என்று எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த கடிதத்தில் எழுதமாட்டேன்.

அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள். கேட்கிறதா என்றால், "எண்ணெயைவிடத் தேவலை" என்கிறாள். பன்னிரண்டில் ஒன்பது தொட்டிகள் திரும்பி வந்துவிட்டன. மூன்று வீட்டில் பூத்துவிட்டது. கேட்க அம்மாவுக்குக் கூச்சம்.

பதிவுக்கு இருபதாம் தேதி குழந்தையோடு வருகிறேன். அண்ணன் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இடது கண்தான் என்று சொல்லிவிடுங்கள்.

கவுன் வந்த அன்றே போட்டுப் பார்த்தேன். தோள் சரி. மார்பு சரி. உள்ளே நாலு வருஷத்துக்குத் துணி இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். பட்டன்களைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டாள், ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் பொருந்தவில்லை. நூலை எடுத்து மறுபடி அளந்தேன். நான் போட்ட முடிச்சு சரியாகத்தான் இருந்தது. கை, மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையைப் பாதி மூடிக்கொண்டு நிற்கிறது. என் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இரண்டு விரல்.

அந்தக் கைக்குள்ளிருந்து விரல்களை நீட்டி நீட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் அதை மடித்துத் தைக்கவில்லை, அக்கா. அப்படியே போட்டுக்கொண்டுதான் வருவாள்.

உங்கள்
பொட்டணம்